தேங்காய் விழுந்த டேங்கும் திருவொற்றியூர்ப் பிறவியும்

"தொப்" என்று ஒரு சத்தம். ரப்பர் மேல் இரும்பு அமர்கிற சத்தம். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, அடியில் ஓடும் வயரை நசுக்கவில்லை, ஹேண்டில் பாரில் இடிக்கவில்லை. குதிரைக்கு அளவெடுத்துத் தைத்த சேணம் போல டேங்க் வண்டியின் மேல் இறங்கி உட்கார்ந்தது. பட்டறையில் நின்ற நாலு பேரும் ஒரு நிமிஷம் வாய் திறக்கவில்லை. பிறகு மெக்கானிக் ஆசான் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்" என்றார். யார் வண்டியையும் லேசில் மெச்சாத மனுஷர் வாயிலிருந்து அந்த வார்த்தை இரண்டு தடவை! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

புல்லட்டுக்கு ஒரு டேங்க் மாட்டியதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள், ஒரு பழைய வண்டிக்குச் சரியான டேங்க் தேடிப் பிடித்து மாட்ட ஏழு மாதம் அலைந்து பார்க்க வேண்டும். எஞ்சின் இறக்கி ஏற்றியிருக்கிறேன், சக்கரத்துக்குக் கம்பி பின்னியிருக்கிறேன், வயரிங் முழுக்க மாற்றியிருக்கிறேன். ஒன்றும் இந்த வேலை தந்த நிறைவைத் தரவில்லை. புல்லட் என்றால் முதலில் கண்ணில் படுவது டேங்க்தான். ஓட்டும்போது இரண்டு முழங்காலும் அணைத்துப் பிடிப்பதும் அதைத்தான். சின்ன வயதில் நாம் உட்கார்ந்து போன இடமும் அதுதான்!

எங்கள் வண்டி 1974 மாடல் புல்லட் 350. அப்பாவுக்கு வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். மட்டியும் ஏத்தனும் செந்துளுவனும் வெட்டுகிற தோட்டங்களைப் பார்த்து விலை பேச, குலசேகரம், திருவட்டாறு பக்கமெல்லாம் அலைய வேண்டியிருந்தது. அதற்காகவே ஒரு ரப்பர் தோட்டத்துக்காரரிடமிருந்து வாங்கினார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. அப்பா வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். உள்ளே தளும்புகிற சத்தத்தை வைத்து லிட்டர் கணக்குச் சொல்வார். தப்பியதே இல்லை.

டேங்கின் மேல் வலது பக்கம் ஒரு குழி இருந்தது. தென்னைக்கு அடியில் வண்டியை நிறுத்தியிருந்த ஒரு நாள் நெற்று ஒன்று விழுந்து உண்டான குழி. டிங்கரிங் செய்யலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள்; அப்பா சம்மதிக்கவில்லை. மழை பெய்தால் அந்தக் குழியில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். அங்கேதான் பெயின்ட் முதலில் பொரிந்தது. ஆனால் டேங்கைக் கொன்றது அந்தக் குழியல்ல. வெளியே தெரியாமல் உள்ளிருந்து வந்தது எமன்.

எங்கள் வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். கடலிலிருந்து 3 கிலோமீட்டர். கடல் பக்கமிருந்து காற்று அடித்தால் ஜன்னல் கம்பியை நக்கினாலே உப்புக் கரிக்கும். குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இரும்புக்கு வருஷத்தில் பாதி நாளாவது ஓய்வு கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை. பாதி காலியாகக் கிடக்கும் டேங்குக்குள் ஈரக்காற்று நிற்கும். ராத்திரி குளிர்ந்ததும் அந்த ஈரம் உள்சுவரில் வியர்த்துச் சொட்டி அடியில் போய்த் தங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் அல்லவா! அடித்தட்டு ஓரத்து மடிப்பில், யாரும் பார்க்காத இடத்தில், துரு தின்ன ஆரம்பிக்கும்.

போதாததற்கு இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். தினமும் ஓடுகிற புது வண்டிக்கு இது பெரிய விஷயமல்ல. மாதத்துக்கு இரண்டு தடவை வெளியே வருகிற பழைய வண்டிக்கு இது விஷம். பழைய ரப்பர் குழாயையும் உப்ப வைத்து வெடிக்க வைத்துவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலை, திண்ணை முழுக்கப் பெட்ரோல் வாசனை. குனிந்து பார்த்தால் டேங்கின் பின்பக்க மடிப்பில் ஒரு சொட்டு தொங்குகிறது. அப்பா ஓடிப்போய் குளியலறையிலிருந்து சோப்புக்கட்டியை எடுத்து வந்து தேய்த்தார். நம் ஊரில் பெட்ரோல் டேங்க் ஒழுகினால் முதல் வைத்தியம் அதுதானே! சோப்பு பெட்ரோலில் கரையாது, ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆசானிடம் கொண்டு போகும்வரை தாங்கியது.

ஆசான் டேங்கைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது அடைச்சா தீராது மக்கா. ஒண்ண அடைச்சா பக்கத்துல ரெண்டு தொறக்கும்." சரி, அந்த இடத்தை வெட்டிவிட்டு வேறு தகடு வைத்துப் பற்றவைக்கலாமா என்று கேட்டேன். காலி டேங்குதான் நிறைந்த டேங்கைவிடப் பயங்கரம் என்று அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். பெட்ரோலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டாலும் ஆவி உள்ளே நிற்கும். காற்றும் ஆவியும் கலந்த இடத்தில் ஒரு பொறி போதும். முழுக்கக் கழுவி, வெந்நீர் விட்டு அலசி, தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டுதான் தெரிந்தவர்கள் தீ காட்டுவார்கள். இவ்வளவும் செய்தாலும் பற்றவைக்கத் தகடு வேண்டுமே, இதில் தகடு எங்கே இருக்கிறது என்றார். ஸ்குரூடிரைவர் முனையால் அடித்தட்டைத் தொட்டார். அப்பளம் போல உள்ளே போயிற்று.

வேட்டை அப்படித்தான் தொடங்கியது.

முதலில் வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து பளபளக்கும் புது டேங்க் ஒன்றை வரவழைத்தேன். படத்தில் ராஜா போல இருந்தது. கையில் வாங்கியதுமே எடை போதவில்லை என்று தெரிந்தது. வண்டியில் வைத்தால், தண்டின் மேல் கவிய வேண்டிய அடிப்பக்கக் குகை குறுகல், வயர்க்கட்டை அமுக்குகிறது. முன் போல்ட்டு சேர்ந்தால் பின் போல்ட்டு ஒரு விரல் தள்ளி நிற்கிறது. அடித்து வளைத்து மாட்டிவிடலாம் என்று பையன்கள் சொன்னார்கள். ஆசான் தொடவே விடவில்லை. இழுத்துக் கட்டிய டேங்க் எஞ்சின் அதிர்வில் ஆறு மாதத்தில் போல்ட்டு ஓரமாகக் கீறும். கீறினால் சூடான எஞ்சின் தலையில்தான் சொட்டும். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. திருப்பி அனுப்பினேன், போன பணம் போனதுதான்.

அப்புறம் கோட்டாறு தொடங்கி மார்த்தாண்டம் வரை பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். தை மாதம் சென்னைக்குப் போனபோது புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்குப் போகாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது! கதவு மலை, பம்பர் மலை, சைலன்சர் மலை. நடுவே ஒற்றையடிப் பாதை. ஒரு கடையின் பரணில் கரி படிந்த ஒரு டேங்க் குப்புறக் கிடந்தது. இறக்கச் சொன்னேன். முட்டியால் தட்டினேன். தகரத்தின் "டங்" இல்லை, கனத்த "தும்". அடியில் குகை அகலமாக, மடிப்பு முழுசாக, போல்ட்டுத் துளை வட்டம் கெடாமல் இருந்தது. பழைய பெயின்ட்டுக்கு அடியில் கறுப்பும் தங்கக் கோட்டின் தடமும். திருவொற்றியூர் ஆலையில் பிறந்த அசல் டேங்க்!

திருவொற்றியூர் என்று சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி ராயல் என்ஃபீல்டு. புல்லட் என்ற பெயர் 1932-இல் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி வண்டிகள் 800 கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. ஆரம்பத்தில் உதிரிகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962 ஆகும்போது வண்டி முழுக்க இங்கேயே செய்தார்கள். 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடிவிட்டது. நம் திருவொற்றியூர் மூடவில்லை. 1977-இல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! பெற்ற வீட்டுக்காரர்கள் கைவிட்ட பிள்ளையை வளர்த்து ஆளாக்கி அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியது வடசென்னைத் தொழிலாளிகளின் கை. என் டேங்க் அந்தக் கைகளில் இருந்து வந்தது.

வாங்கி வந்த டேங்கை அப்படியே மாட்டிவிடக் கூடாது. உள்ளே பதினைந்து இருபது வருஷத்துத் துரு. பழைய செயின் துண்டு ஒன்றை உள்ளே போட்டு, பெட்ரோல் இறங்கும் டாப் துளையைப் போல்ட்டு வைத்து அடைத்து, மாறி மாறிக் குலுக்கினோம். வந்த தூளை அள்ளினால் இரண்டு கை நிறையும். அதன் பிறகு மளிகைக் கடை வினிகர். கழுத்துவரை நிரப்பி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் புரட்டி வைத்தேன். வெள்ளையாகப் போன வினிகர் மூன்றாம் நாள் சுக்குக் காப்பி நிறத்தில் வெளியே வந்தது. உள்ளே டார்ச் அடித்தால் சாம்பல் நிறத்தில் சுத்த இரும்பு! புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தது. புளிப்பு துருவைக் கரைக்கும் என்பது நம் அடுக்களைக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தானே.

இதற்கு அடுத்த அரைமணி நேரம்தான் முக்கியம். புளிப்பு தங்கினால் இரும்பை அரிக்கும். ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவி, தலைமுடி உலர்த்தும் மிஷினின் சூடான காற்றை உடனே உள்ளே விட்டேன். சுத்த இரும்பு ஈரத்தோடு நின்றால் கண் முன்னாலேயே மஞ்சள் பூத்துவிடும். காய்ந்த கையோடு டூ ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் ஊற்றி, எல்லாச் சுவரிலும் படுகிற மாதிரிச் சுழற்றிவிட்டேன்.

ஒழுகுகிறதா என்று பார்க்க ஆசான் செய்த சோதனையை நினைத்தால் இன்றும் பூரிப்பு. மடிப்பு முழுக்க வெளியே சாக்பீஸ் தேய்த்தார். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தார். மண்ணெண்ணெய் நுழையாத கீறல் கிடையாது. நுழைந்தால் வெள்ளைச் சாக்பீஸில் கறை காட்டிக்கொடுக்கும். காலையில் கோடு முழுசும் வெள்ளை வெளேர்.

பெயின்ட் கறுப்பு. வேறு எந்த நிறத்தையும் நான் யோசிக்கக்கூட இல்லை. தங்கக் கோடு இழுக்கத்தான் ஆள் வேண்டும். திருவொற்றியூரில் ஜெயகுமார், கிஷோர் குமார் என்ற சகோதரர்கள் அளவுகோலோ ஒட்டுத்தாளோ இல்லாமல் பிரஷ்ஷை வைத்து ஒரே மூச்சில் அந்தக் கோட்டை இழுப்பதைப் படக்காட்சியில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! நாகர்கோவிலில் அதற்கு யார்? ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை ஆசான் கூட்டிவந்தார். அறுபது தாண்டியவர், கை நடுங்குமோ என்று பயந்தேன். சுண்டுவிரலை டேங்கின் ஓரத்தில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு. முன்னால் தொடங்கிய கோடு முழங்கால் ரப்பரைச் சுற்றி வளைந்து தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட கைகளைச் சும்மா உட்கார வைத்திருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மாட்டிய நாளுக்கு வருகிறேன். சித்திரை கடைசி ஞாயிறு. முதலில் வெறும் தண்டின் மேல் ஓடுகிற வயர்க்கட்டு, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் மூன்றையும் ஒதுக்கிக் கட்டினோம். ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எதுவும் இழுபடவில்லை என்று பார்த்தோம். புது ரப்பர், புது வாஷர், எத்தனால் தாங்கும் புதுக் குழாய். டாப்பின் மரை மட்டும் சண்டை பிடித்தது. அந்தக் காலத்துப் புல்லட் அங்குலக் கணக்கு. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர் பாதி இடத்தில் வழுக்கும். ஆசானிடம் பழைய விட்வொர்த் ஸ்பேனர் ஒரு கட்டு உண்டு, சொந்தப் பிள்ளை கேட்டாலும் கடன் கொடுக்கமாட்டார். மரையைச் சுத்தம் செய்து, புது வாஷர் வைத்து, விரலாலேயே முக்கால்வாசி ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.

"பைய எறக்கு மக்கா. போல்ட்டு எதையும் இப்ப முழுசா முறுக்கிராத, கேட்டியா? எல்லாத்தையும் நாலு மரை ஏத்தி விடு. டேங்கு தானா எடம் பாத்து உக்காரும்."

தானாக இடம் பார்த்து உட்கார்ந்தது! அந்தத் "தொப்" அப்போது வந்ததுதான். பிறகு முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று மாறி மாறி முறுக்கினோம். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்தச் சொன்னார். டேங்க் மிதக்க வேண்டுமாம், இறுகக் கூடாதாம். கையால் அசைத்தால் ஒரு மயிரிழை அசைந்தது. சீட்டின் மூக்கும் டேங்கின் வாலும் விரல் நுழையாத இடைவெளியில் பொருந்தின.

8 லிட்டர் ஊற்றினேன். டாப்பைத் திறந்தேன். குழாயில் பெட்ரோல் கார்புரேட்டரை நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாவி. கிக்கரைப் பைய அமுக்க, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்தது. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி, விட்டு, ஒரே மிதி. குடு... குடு... குடு... 346 சிசி ஒற்றைச் சிலிண்டர் நிதானமாகப் பேச ஆரம்பித்தது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினேன், சத்தம் ஏறவில்லை. கேபிள் எங்கும் மாட்டவில்லை என்று அர்த்தம்.

முதல் ஓட்டம் வைகாசி பிறந்த வாரம், விடிகாலை. தோவாளைப் பூச்சந்தை வழியாகப் போனால் பிச்சியும் மல்லியும் கதம்பமாக மூக்கில் ஏறும். அதோடு புதுப் பெயின்ட் வாசனையும் சூடான எண்ணெய் வாசனையும். ஆரல்வாய்மொழி தாண்டினால் காற்று. முப்பந்தலின் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அந்தக் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு முழங்காலாலும் டேங்கை அணைத்துப் பிடித்தேன். தள்ளிப் பார்த்தது காற்று, வண்டி கோட்டை விட்டு விலகவில்லை. அந்தப் பிடிமானத்துக்கு எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்!

அங்கே ஒரு இடத்தில் வண்டி இருமி நின்றது. டாப் திறந்திருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது. மூடியைத் திறந்தேன். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போயிற்று. புரிந்துவிட்டது. மூடியில் காற்று போக ஊசித் துளை ஒன்று உண்டு. பாலிஷ் போட்டபோது பொடி அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே இழுபட்டு ஓட்டம் நின்றுவிடும். வேலியில் ஒரு முள்ளை ஒடித்துக் குத்தினேன். அடுத்த மிதியில் வண்டி பேசியது. திரும்பி வீடு வரும்வரை ஒரு முணுமுணுப்பு இல்லை.

வாசலில் அப்பா நின்றார். டேங்கைத் தடவிப் பார்க்கவில்லை, கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரே வந்து வண்டியைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினார். காதைச் சாய்த்தார்.

"ஆறு லிட்டர் கெடக்கு."

எட்டு ஊற்றி 70 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். லிட்டருக்கு முப்பத்தைந்து. கணக்கு சரி! புது டேங்கின் தளும்பலும் அவர் காதுக்குப் பிடிபட்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போனேன். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாய், மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகி, பீரங்கி வார்க்கும் ஆலை நடத்திய கோட்டை அது. அவர் கல்லறையும் அங்கேதான், லத்தீனிலும் தமிழிலும் எழுத்தோடு. என்ஃபீல்டு கம்பெனியின் பழைய சின்னமும் ஒரு பீரங்கிதான். பீரங்கி வார்த்த கோட்டை வாசலில் பீரங்கிச் சின்னத்து வண்டியை நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் டீ குடித்தோம். எனக்கு அதைவிடப் பெரிய திருவிழா எது?

பழைய டேங்க் எங்கள் திண்ணைச் சுவரில் தொங்குகிறது, தேங்காய்க் குழியோடு.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, முக்கியமாகக் கடலோரத்தில் இருப்பவர்களே! நாளைக் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். செம்மண் நிறம் தெரிந்தால் சோப்புக்கட்டியை நம்பி நாள் கடத்தாமல், அடுத்த மழைக்கு முன் கழற்றிவிடுங்கள்.